சாலையைத் தோண்டினால் கடைக்காரருக்கு யார் ஈடு தருவது?

பெருவிரைவு ரயில் நிலையம் வருகிறது என்று அறிவிப்பு வெளியானால் அந்த வட்டாரத்தில் வீடு வைத்திருப்பவர்கள் மகிழ்வார்கள். கடைவீடு வைத்திருப்பவர்களும் மகிழ்வார்கள். அந்தக் கடைவீட்டை வாடகைக்கு எடுத்துக் கீழ்த்தளத்தில் மளிகையோ சாப்பாட்டுக் கடையோ நடத்துபவரின் கணக்கு வேறு. நிலையம் திறக்க ஏழெட்டு ஆண்டு ஆகும். அவருடைய வாடகை ஒப்பந்தமோ பெரும்பாலும் மூன்று ஆண்டுக்குத்தான். நிலையத்தின் பலனை அனுபவிக்க அவர் அங்கே இருப்பாரா என்பது உறுதியில்லை. தோண்டுவதால் வரும் சுமை மட்டும் முதல் நாளிலிருந்தே உறுதி.

தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதையின் கட்டுமானம் 2014ல் தொடங்கியது. அப்பர் தாம்சன் நிலையம் 2021 ஆகஸ்ட் 28ஆம் தேதி திறக்கப்பட்டது. மரின் பரேட் வட்டாரம் 2024 ஜூன் 23ஆம் தேதி வரை காத்திருந்தது. திசைமாறிய சாலைகள், கடை முகப்பை மறைத்த தடுப்பு வேலிகள், குறைந்துபோன வாகன நிறுத்துமிடங்கள் ஆகியவற்றைப் பற்றி இவ்விரு வட்டாரக் கடைக்காரர்களும் அந்த ஆண்டுகளில் ஊடகங்களிடம் முறையிட்டது நினைவிருக்கலாம். ‘கடை திறந்திருக்கிறது’ என்று வழிகாட்டும் பலகைகள், வேலியின் மேல் கடைப் பெயர்கள், தற்காலிக நடைபாதைகள் என்று நிலப் போக்குவரத்து ஆணையம் சில உதவிகளைச் செய்தது. அவை பயனுள்ளவைதான். ஆனால், பலகையைக் காட்டி வாடகை கட்ட முடியாது.

லிட்டில் இந்தியாவுக்கும் இது புதிதல்ல. ரேஸ் கோர்ஸ் சாலைக்கு அடியில் செல்லும் வடகிழக்கு ரயில் பாதை 2003 ஜூன் 20ஆம் தேதி திறக்கப்பட்டது. அடுத்து டௌன்டவுன் பாதைக்காக ரோச்சோர் கால்வாயையே இடம் மாற்றித் தோண்டினார்கள். அந்தப் பாதையின் லிட்டில் இந்தியா, ரோச்சோர் நிலையங்கள் 2015 டிசம்பர் 27ஆம் தேதி செயல்படத் தொடங்கின. இப்போது வட்டாரத்தின் தெற்கு ஓரத்தில் ரோச்சோர், ஓஃபிர் சாலைப் பகுதியில் வடக்கு-தெற்கு வழித்தடப் பணிகள். 21.5 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த வழித்தடம் 2026ல் முடியும் என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்டது. பின்னர் மேம்பாலப் பகுதிகளுக்கு 2027 என்றும் சுரங்கப் பகுதிக்கு 2029 என்றும் இலக்கு தள்ளிப்போனது. ஒரே கடைத்தெரு கால் நூற்றாண்டுக்குள் மூன்றாவது முறையாகக் கட்டுமானத்தின் அருகே வாழ்கிறது. தீவின் மறுபக்கத்தில் 29 கிலோமீட்டர், 12 நிலையங்கள் கொண்ட குறுக்குத் தீவு ரயில் பாதையின் முதல் கட்டம் 2030ஐ இலக்காகக் கொண்டு நடக்கிறது.

ஆகவே, ‘கட்டுமானத்தால் பாதிக்கப்பட்ட வர்த்தகங்களுக்கு அரசாங்க நிதி ஆதரவு’ என்ற பேச்சு எழும்போதெல்லாம் நம் சமூகத்தினர் காதைத் தீட்டிக்கொள்வது இயல்பு. பேச்சு எழுந்ததும் எல்லாரும் முதலில் கேட்பது எவ்வளவு கிடைக்கும் என்பதைத்தான். மற்ற நாடுகளின் அனுபவத்தைப் படித்துப் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது, தொகை அடுத்த கேள்வி. பணம் எப்போது வரும், எந்தத் தாளைக் காட்டினால் வரும், வந்த பணம் கடைக்காரரின் கையில் நிற்குமா என்பவைதான் ஒரு கடை பிழைக்குமா என்பதை முடிவு செய்கின்றன.

<b>ஈடா, உதவியா?</b>

தமிழ் படித்தவள் என்பதால் சொற்களில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகிறேன். இழப்பீடு என்றால் இழந்ததற்கு ஈடு. அதைக் கேட்பதற்கு உரிமை வேண்டும். கொடுப்பவருக்குக் கடமை வேண்டும். நிவாரணம் என்பது வெள்ளத்துக்கும் தீ விபத்துக்கும் தருவது. யாருடைய தவறும் இல்லை என்பது அதன் உட்பொருள். உதவி, ஆதரவு என்பவை கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தவை. நாளிதழ்களில் இந்த மூன்றையும் மாற்றி மாற்றி எழுதுகிறோம். அரசாங்கங்கள் அப்படி மாற்றி எழுதுவதில்லை. இழப்பீடு என்று எழுதினால் தொகை போதவில்லை என்று மேல்முறையீடு செய்யலாம். ஆதரவு என்று எழுதினால் விதிமுறையில் இடமிருந்தால் கிடைக்கும், இல்லாவிட்டால் இல்லை.

சிங்கப்பூரில் நிலத்தையே அரசாங்கம் எடுத்துக்கொண்டால் அங்கே இழப்பீடு என்ற சொல் வரும். நில எடுப்புச் சட்டம் இருக்கிறது. 2007 முதல் சந்தை மதிப்பில் தொகை கணக்கிடப்படுகிறது. தொகையில் உடன்பாடு இல்லையென்றால் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். நிலத்தை எடுக்காமல் அதன் எதிரே வேலி மட்டும் போட்டால் கதை மாறிவிடுகிறது. கடை அங்கேயே இருக்கிறது, கதவு திறந்திருக்கிறது, வாடிக்கையாளர் மட்டும் வரவில்லை. சட்டத்தின் பார்வையில் அவரிடமிருந்து எதுவும் எடுக்கப்படவில்லை.

இந்தப் பார்வையின் வேர் லண்டனில் இருக்கிறது. உலகின் முதல் சுரங்க ரயில் பாதை அங்கே 1863ல் திறக்கப்பட்டது. அதைக் கட்டியபோது தெருக்களை அடைத்ததால் ஒரு மதுக்கூடத்துக்கு வாடிக்கையாளர் வருவது குறைந்தது. அதை நடத்தியவர் ரயில் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். ரிக்கெட் வழக்கு என்று சட்ட மாணவர்கள் அறிந்த அது பிரபுக்கள் சபை வரை போய் 1867ல் தீர்ப்பானது. நிலத்துக்குச் சேதமில்லை, தற்காலிகமாக வியாபாரம் குறைந்தது மட்டும் இழப்பீட்டுக்குக் காரணமாகாது என்று அவர் தோற்றார். ஆங்கிலேயச் சட்ட மரபில் வளர்ந்த நாடுகள் நம்முடையது உட்பட இந்தச் சிந்தனையின் நிழலில்தான் நெடுங்காலம் இருந்திருக்கின்றன.

<b>சிட்னி காட்டும் பாடம்</b>

அந்த நிழலிலிருந்து வெளியே வர அண்மைக் காலத்தில் பெருமுயற்சி நடந்த இடம் ஆஸ்திரேலியாவின் சிட்னி. நகர மையத்திலிருந்து ராண்ட்விக், கிங்ஸ்ஃபோர்ட் வரை 12 கிலோமீட்டர் நீள இலகு ரயில் பாதைக்கான பணிகள் 2015ல் தொடங்கின. ஜார்ஜ் ஸ்திரீட் என்ற முக்கியக் கடைத்தெருவைப் பகுதி பகுதியாக அடைத்தார்கள். ஒவ்வொரு பகுதியும் எத்தனை மாதம் அடைபட்டிருக்கும் என்று கால அட்டவணையும் கொடுத்தார்கள். தோண்டியபோது நிலத்தடியில் வரைபடத்தில் இல்லாத குழாய்களும் கம்பிகளும் வந்துகொண்டே இருந்தன. அட்டவணை சரிந்தது. முதல் தடம் 2019 டிசம்பரிலும் மற்றது 2020 ஏப்ரலிலும்தான் திறக்கப்பட்டன.

பாதையைக் கட்டிய ஸ்பெயின் நிறுவனமான அக்சியோனா, நிலத்தடிக் குழாய்களின் சிக்கலைத் தன்னிடம் முழுமையாகச் சொல்லவில்லை என்று மாநில அரசாங்கத்தின் மீது 2018 ஏப்ரலில் வழக்குப் போட்டது. அந்தத் தகராறு 2019 ஜூனில் தீர்ந்தது. அரசாங்கத் தரப்பு ஒப்புக்கொண்ட தொகை 576 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர்.

கடைக்காரர்களும் அதே 2018ல்தான், ஆகஸ்ட் மாதம், கூட்டு வழக்குத் தொடுத்தார்கள். தோல்பொருள் கடை ஒன்றும் உணவகம் ஒன்றும் முன்னின்றன. 2023ல் நியூ சவுத் வேல்ஸ் உயர்மட்ட நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தாமதத்துக்கான அபாயம் முன்பே தெரிந்திருந்தும் போதிய திட்டமிடல் இல்லாததால், சொன்ன காலத்தைத் தாண்டி நீண்ட இடையூறு நியாயமற்றது என்பது அதன் சாரம். 2024ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடிவை மாற்றியது. பிறகு வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. ஒரே பள்ளத்தால் பாதிக்கப்பட்ட இரு தரப்பினரில் ஒப்பந்தம் கையில் இருந்தவருக்கு 14 மாதத்தில் தீர்வு கிடைத்தது. ஒப்பந்தம் இல்லாதவர்கள் ஆறு ஆண்டுக்குப் பிறகும் நீதிமன்றப் படியேறிக்கொண்டிருந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் மூடிய கடைகளைத் தீர்ப்பு எதுவும் திறந்துவிடாது.

நீதிமன்றம் சிறு கடைக்கு ஏற்ற வழியல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அதனால்தான் சில நகரங்கள் சட்டக் கடமை இருக்கிறதா இல்லையா என்ற வாதத்தைத் தள்ளிவைத்துவிட்டு, திட்டச் செலவின் ஒரு பகுதியாகவே கடைகளுக்கான நிதியை ஒதுக்கியிருக்கின்றன.

<b>லாஸ் ஏஞ்சலிசின் நிதி</b>

அவற்றில் மிகத் தெளிவாக வடிவமைக்கப்பட்டது லாஸ் ஏஞ்சலிஸ் பெருநகரப் போக்குவரத்து அமைப்பான மெட்ரோவின் வர்த்தக இடையூறு நிதி. கிரென்ஷா சாலையில் ஆப்பிரிக்க-அமெரிக்கர்களின் சிறு கடைகள், லிட்டில் டோக்கியோவில் ஜப்பானிய வம்சாவளியினரின் கடைகள் என்று, ஒரு சமூகத்தின் முகமாக விளங்கும் கடைத்தெருக்களின் வழியே புதிய ரயில் பாதைகள் சென்றன. லிட்டில் இந்தியாவை அறிந்தவர்களுக்கு அந்தக் கவலையை விளக்கத் தேவையில்லை. கடைகள் போனால் கடைத்தெரு திரும்பி வரும். அந்தச் சமூகம் திரும்பி வராது.

2015ல் நடைமுறைக்கு வந்த அந்தத் திட்டத்துக்கு ஆண்டுக்கு 10 மில்லியன் அமெரிக்க டாலர் ஒதுக்கப்பட்டது. 25 பேர் அல்லது அதற்குக் குறைவான ஊழியர்கள் உள்ள கடைகள் விண்ணப்பிக்கலாம். குறைந்தது ஈராண்டு தொடர்ந்து அங்கே தொழில் நடத்தியிருக்க வேண்டும். வரிகள் நிலுவையின்றி இருக்க வேண்டும். ஆண்டு வருமான இழப்பில் 60 விழுக்காடு அல்லது 50,000 டாலர், இவற்றில் எது குறைவோ அது கிடைக்கும். அதை வாடகை, சம்பளம், மின்கட்டணம், காப்புறுதி போன்ற நிலையான செலவுகளுக்குப் பயன்படுத்தலாம். இது கடன் அல்ல, மானியம். கட்டுமானம் நடக்கும்போதே கிடைத்தது என்பதுதான் இதன் சிறப்பு. கிரென்ஷா பாதை 2019ல் திறக்க வேண்டியது, 2022 அக்டோபரில்தான் திறந்தது. பாதை முடிந்தபின் கணக்குப் பார்ப்போம் என்று விட்டிருந்தால் பல கடைகள் கணக்குக் காட்ட இருந்திருக்காது.

ஆக்லாந்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. நகர மையத்தின் ஆல்பர்ட் ஸ்திரீட்டில் சுரங்க ரயில் பாதைக்கான பணிகள் 2016ல் தொடங்கின. கடைக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு, 2021ல்தான் நியூசிலாந்து அரசாங்கமும் நகர மன்றமும் சேர்ந்து 12 மில்லியன் நியூசிலாந்து டாலர் துயர்துடைப்பு நிதியை அறிவித்தன. தொகை சிறிதல்ல. ஐந்து ஆண்டு தாமதம்தான் பெரிது.

கனடாவின் மாண்ட்ரியால் நகரம் இன்னொரு வழியைத் தேர்ந்தெடுத்தது. அங்கே விற்பனை குறைந்ததைப் பார்ப்பதில்லை; மொத்த லாபம், அதாவது விற்பனையிலிருந்து சரக்கின் விலையைக் கழித்து மிஞ்சுவது எவ்வளவு குறைந்தது என்று முந்தைய ஆண்டுகளுடன் ஒப்பிடுகிறார்கள். ஆண்டுக்கு அதிகபட்சம் 30,000 கனடிய டாலர் என்று தொடங்கி, பிறகு 40,000 ஆக உயர்த்தினார்கள்.

<b>ஒரு மளிகைக் கடையின் கணக்கு</b>

இந்தச் சூத்திரங்கள் காகிதத்தில் வறண்டு தெரிகின்றன. ஒரு கடையை மனத்தில் வைத்துப் பார்ப்போம். எண்கள் என் உதாரணம் மட்டுமே.

மாதம் 60,000 வெள்ளி விற்பனை. சரக்கு வாங்க 36,000 வெள்ளி போக 24,000 மிஞ்சும். வாடகை 10,000, சம்பளமும் வெளிநாட்டு ஊழியர் தீர்வையும் 8,000, மின்சாரம், தண்ணீர், இதர செலவு 2,000. கடைசியில் முதலாளி கையில் 4,000 வெள்ளி. வேலி வந்து விற்பனை 25 விழுக்காடு குறைகிறது. விற்பனை 45,000. சரக்குச் செலவும் அதற்கேற்பக் குறைந்து 27,000 ஆகும். மிஞ்சுவது 18,000. வாடகையும் சம்பளமும் குறையவில்லை, அதே 20,000தான். இப்போது மாதம் 2,000 வெள்ளி நட்டம். வெளியே இருந்து பார்ப்பவருக்கு விற்பனை கால்வாசிதான் குறைந்திருக்கிறது. கடைக்குள்ளோ லாபம் முழுவதும் போய், சேமிப்பைத் தின்னத் தொடங்கிவிட்டது.

நாணய வேறுபாட்டை ஒதுக்கிவிட்டு எண்களை மட்டும் பொருத்தினால், லாஸ் ஏஞ்சலிஸ் விதிப்படி இந்தக் கடையின் ஆண்டு விற்பனை இழப்பு 180,000. அதில் 60 விழுக்காடு 108,000. உச்சவரம்பு இருப்பதால் கிடைப்பது 50,000, மாதத்துக்குச் சுமார் 4,170. மாண்ட்ரியால் கணக்குப்படி லாப இழப்பு ஆண்டுக்கு 72,000, உச்சவரம்பு 40,000, மாதத்துக்குச் சுமார் 3,330. இரண்டிலுமே பழைய 4,000 வெள்ளி வருமானம் திரும்பாது. முதலாவதில் ஏறக்குறைய 2,170 மிஞ்சும், இரண்டாவதில் 1,330. ஆனால் கடை நட்டத்திலிருந்து வெளியே வந்துவிடும். ஒரு நல்ல திட்டம் இதைச் செய்தால் போதும் என்பது என் கருத்து. இழந்ததையெல்லாம் திருப்பித் தர வேண்டியதில்லை. வேலி இறங்கும் நாள் வரை கடை மூழ்காமல் இருக்க வேண்டும்.

<b>தீபாவளி நகர்ந்தால் கணக்கும் நகரும்</b>

இனி, தாள்களின் விஷயம். இங்கேதான் நம் கடைகள் இடறும்.

நிதி தரும் எந்த அமைப்பும் இழப்புக்குச் சான்று கேட்கும். கேட்பது நியாயம், பொதுப் பணம். சிங்கப்பூரில் ஆண்டு விற்பனை ஒரு மில்லியன் வெள்ளியைத் தாண்டினால்தான் பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்வது கட்டாயம். அதற்குக் கீழே உள்ள கடை காலாண்டுக் கணக்கு எதையும் ஆணையத்துக்கு அனுப்புவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வருமான வரிக் கணக்கு. மாத விற்பனையை நிரூபி என்றால், ‘நெட்ஸ்’, ‘பேநவ்’ வழியாக வந்தது வங்கிக் கணக்கில் தெரியும். ரொக்கமாக வந்தது பேரேட்டில் இருந்தால் உண்டு. லாஸ் ஏஞ்சலிசில் இதே சிக்கல் வந்தது. தந்தை காலத்திலிருந்து ரொக்கத்தில் நடந்த கடைகளிடம் கணக்கேடு ஒழுங்காக இல்லை. மெட்ரோ அமைப்பு கிரென்ஷா வட்டாரத்திலேயே ஒரு வர்த்தக உதவி நிலையத்தைத் திறந்து, கடைக்காரர்களோடு உட்கார்ந்து தாள்களைச் சேர்க்க உதவியது. நிதியைவிட அந்த மேசைதான் முக்கியம் என்றுகூடச் சொல்லலாம்.

இன்னொன்று, ஒப்பீட்டு மாதம். பொதுவாக, ‘சென்ற ஆண்டின் இதே மாதத்தோடு ஒப்பிடு’ என்பார்கள். 2020ல் நோய்ப்பரவலின்போது சிங்கப்பூரில் கூடுதல் வாடகை நிவாரணத்துக்கு, ஏப்ரல், மே மாதச் சராசரி வருமானம் 2019ன் அதே காலத்தைவிட 35 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனையாக இருந்தது. பெரும்பாலான கடைகளுக்கு அது பொருந்தும். சிராங்கூன் சாலைக்குப் பொருந்தாது. தீபாவளி 2023ல் நவம்பர் 12ஆம் தேதி வந்தது. 2024ல் அக்டோபர் 31. 2025ல் அக்டோபர் 20. புடவைக் கடைக்கும் பலகாரக் கடைக்கும் நகைக் கடைக்கும் ஆண்டின் உயிர்நாடி அந்த நான்கைந்து வாரம். 2024 நவம்பரை 2023 நவம்பரோடு ஒப்பிட்டால், வேலியே இல்லாவிட்டாலும் விற்பனை சரிந்தது போலத் தெரியும். 2024 அக்டோபரை 2023 அக்டோபரோடு ஒப்பிட்டால், வேலி இருந்தாலும் வியாபாரம் வளர்ந்தது போலத் தெரியும். முதலாவதில் அரசாங்கம் ஏமாறும், இரண்டாவதில் கடைக்காரர் ஏமாறுவார். தீபாவளியைச் சுற்றிய வாரங்களைத் தீபாவளியைச் சுற்றிய வாரங்களோடுதான் ஒப்பிட வேண்டும். இதை எந்தப் பொருளியல் நிபுணரும் தானாக யோசிக்கப் போவதில்லை. லிட்டில் இந்தியா வர்த்தகர், மரபுடைமைச் சங்கமான ‘லிஷா’ போன்ற அமைப்புகள் முன்கூட்டியே எடுத்துச் சொல்ல வேண்டிய விஷயம் இது.

‘பாதிக்கப்பட்ட கடை’ என்பதன் எல்லைக்கோடும் அப்படித்தான். வேலிக்கு நேர் எதிரே உள்ள கடையை எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். பேருந்து நிறுத்தம் இருநூறு மீட்டர் தள்ளிப் போனதால் குறுக்குச் சந்தில் வாடிக்கையாளரை இழந்த முடிதிருத்தும் கடையை வரைபடம் பார்க்காது.

<b>வந்த பணம் யாரிடம் போகும்?</b>

கடைசியாக வாடகை. என் பார்வையில் மொத்தப் பிரச்சினையின் மையமே இதுதான். கட்டுமானக் காலத்தின் நட்டத்தைச் சுமப்பவர் வாடகைக்காரர். நிலையம் திறந்தபின் உயரும் மதிப்பைப் பெறுபவர் கட்டடச் சொந்தக்காரர். ஏழு ஆண்டு தாக்குப்பிடித்த கடைக்காரருக்கு, நிலையம் திறக்கும் ஆண்டில் புது வாடகை விகிதம் காத்திருக்கும். இந்த ஏற்பாட்டுக்குள் அரசாங்கம் வெறுமனே வாடகை மானியத்தை ஊற்றினால், அது கடைக்காரரின் கை வழியாகச் சொந்தக்காரரின் வங்கிக் கணக்குக்குத்தான் போகும். சொந்தக்காரர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. அவர்களுக்கும் வீட்டுக் கடன் போலக் கடைக் கடன் இருக்கும். ஆனால், லாபத்தில் பங்குள்ளவர் செலவிலும் பங்கேற்பதுதானே முறை.

இதற்கு நம்மிடமே முன்மாதிரி இருக்கிறது. 2020ல் இயற்றப்பட்ட வாடகை நிவாரணச் சட்டத்தின்கீழ், தகுதிபெற்ற சிறிய, நடுத்தர நிறுவன வாடகைக்காரர்களுக்கு வர்த்தக இடங்களில் நான்கு மாத வாடகை தள்ளுபடி கிடைத்தது. சுமார் இரண்டு மாதத்தை அரசாங்கம் ஏற்றது. மீதி இரண்டைச் சொந்தக்காரர்கள் ஏற்றார்கள். 2021ல் இன்னொரு மாற்றம். வாடகை ஆதரவுத் திட்டத்தில் பணம் உள்நாட்டு வருவாய் ஆணையத்திடமிருந்து நேராக வாடகைக்காரருக்கே போனது. வாடகை ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை செலுத்தியிருந்தவர்களின் விவரம் ஆணையத்திடம் ஏற்கெனவே இருந்ததால், பெரும்பாலோர் விண்ணப்பிக்கவே தேவையில்லை. முத்திரை இல்லாத ஒப்பந்தக்காரர்கள்தான் தாள்களோடு அலைய நேர்ந்தது. கிருமிக்காக ஒரே ஆண்டில் உருவாக்கிய ஏற்பாட்டை, ஆண்டுக்கணக்கில் முன்கூட்டியே தெரிந்து நடக்கும் கட்டுமானத்துக்குப் பயன்படுத்த முடியாதா?

இதற்கு எதிர்வாதம் உண்டு, அது எளிதில் ஒதுக்கக்கூடியதும் அல்ல. கடைகளின் விற்பனை குறைவதற்கு வேலி மட்டும் காரணமல்ல. இணைய வணிகம் இருக்கிறது, வாரக் கடைசியில் ஜோகூர் போவோர் இருக்கிறார்கள், பக்கத்தில் திறந்த கடைத்தொகுதி இருக்கிறது. எல்லாவற்றையும் வேலியின் கணக்கில் எழுதினால் பொதுப் பணம் வீணாகும். குழாய் பதிக்க இரண்டு வாரம் தோண்டினாலும் மானியம் கேட்கத் தொடங்கினால் எந்த வேலையும் நடக்காது. இந்த அச்சம் நியாயமானது. ஆகவேதான், காலத்தை அளவுகோலாக வைப்பது நல்லது. ஆறு மாதத்துக்குக் குறைந்த இடையூறு தொழிலின் இயல்பான அபாயம். அதைத் தாண்டினால் வாடகையில் ஒரு பங்கு. அறிவித்த முடிவுத் தேதியைத் தாண்டினால் அந்தப் பங்கு உயர வேண்டும். தாமதத்துக்குக் கடைக்காரர் காரணமல்ல என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது. விற்பனைக் கணக்கை அலசி ஆராயும் செலவும் மிச்சம். வேலி எத்தனை மாதம் நின்றது என்பதற்குச் சான்று தெருவிலேயே நிற்கிறது.

அளவுகோல் எப்படி அமைந்தாலும், கடை நடத்துவோர் அதற்காகக் காத்திருக்காமல் செய்யக்கூடியவை சில உண்டு. கட்டுமான அறிவிப்புக் கடிதம் கதவுக்குக் கீழே வரும் நாளில், முந்தைய ஈராண்டு விற்பனையை மாதவாரியாக எழுதி வைக்கலாம். தீபாவளி, பொங்கல் வாரங்களைத் தனியாகக் குறிக்கலாம். ரொக்க விற்பனையை அன்றன்றே பேரேட்டில் ஏற்றலாம். வேலி போட்ட நாள், நகர்த்திய நாள், பேருந்து நிறுத்தம் மாறிய நாள் ஆகியவற்றைப் படம் எடுத்துத் தேதியோடு வைக்கலாம். வாடகை ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டப்பட்டிருக்கிறதா என்று இன்றே பார்க்கலாம். அடுத்த முறை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, கட்டுமானம் முடியும்வரை வாடகைக் குறைப்பு என்ற ஒரு வரியைச் சேர்க்கும்படி சொந்தக்காரரிடம் கேட்கலாம். மறுத்தாலும், கேட்டதை எழுத்தில் கேட்டிருப்பது நல்லது.